பிரிக்காத சீட்டு

அன்று எழில்வேந்தன் எதைப் பற்றிப் பேசினார் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. விடுதலையைப் பற்றி என்றுதான் நினைக்கிறேன். பேச்சு நீண்டால், முடிக்கச் சொல்லி மேடைக்குச் சீட்டு அனுப்புவது கூட்டம் நடத்தும் எங்கள் வழக்கம். அதைப் பிரிக்காமலே சட்டைப்பையில் போட்டுக்கொள்வது அவர் வழக்கம். அன்று அவர் மனைவியைச் சேர்த்திருந்த மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வந்தது. ‘அண்ணிக்கு அவசர ஆபரேஷன். உங்கள் கையெழுத்து வேண்டும்’ என்று எழுதி நீட்டினேன். மடித்த சீட்டை அவர் கூட்டத்துக்கு உயர்த்திக் காட்டினார்.

“பாத்தீங்களா, செயலாளர் தம்பிக்குப் பசி வந்துருச்சு. நான் உட்காந்துரட்டுமா?”

“பேசுண்ணே! அவன் கெடக்கான்!”

மேடைக்குக் கீழே நின்று அவர் வேட்டி நுனியை இழுத்தேன். “அண்ணே, படிங்கண்ணே!”

“ஐயையோ, வேட்டிய உருவுறான்யா!”

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. அதன்பின் அவர் குரல் தாழ்ந்தது. ஐயாயிரம் பேர் மூச்சடக்கிக் கேட்டார்கள். வேட்டியை எப்போது விட்டேன் என்று தெரியவில்லை. திடுக்கிட்டுப் பார்த்தபோது என் இரண்டு கைகளும் தட்டிக்கொண்டிருந்தன.

அண்ணி அன்றே இறந்துவிட்டார். எழில்வேந்தன் அதன்பின் பதினோரு ஆண்டுகள் உயிரோடு இருந்தார், மேடை ஏறவில்லை. நான் வேறு ஊருக்குப் போய்விட்டேன். அன்றைய பேச்சைக் கேட்டவர்கள், அவர் பேசியதிலேயே அதுதான் சிறந்தது என்கிறார்கள்.