பெயர் போடாத கடிதம்

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில், ஆலோசனைப் பெட்டியில் விழும் கடிதம் எதுவானாலும் நோட்டீஸ் போர்டில் ஒட்டியாக வேண்டும். ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர் போட்ட கண்டிஷன். அன்று ஒட்டிய கடிதத்தில் பெயர் இல்லை.

‘நாலு வருஷமா மனநோய்க்கு மாத்திரை சாப்பிடறேன். கேக்கறவங்ககிட்ட வேற நோய் பேரைச் சொல்லி வெச்சிருக்கேன். உங்ககூடத்தான் வேலை செய்றேன். இதுவரைக்கும் யாரையும் கடிச்சதில்ல.’

மதியத்துக்குள் தையல் செக்ஷன் முழுக்க, மாதாமாதம் லீவு போடும் புஷ்ராவின் பெயர் அடிபட்டது. சூப்பர்வைசர் அருணகிரி அவளைத் தன் மேஜைக்குக் கூப்பிட்டார்.

“நீதான் எழுதினேன்னு பேசிக்கறாங்கம்மா. இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லு. எல்லாரையும் கூப்ட்டு நான் சொல்லிடறேன்.”

“நான்தான் சார் எழுதினேன்.”

“பொய் சொல்லாத.”

அவர் அத்தனை உறுதியாகச் சொன்னது புஷ்ராவுக்கு ஆச்சரியமாக இருந்தது.

“எழுதல சார். ஆனா மூட்டு வலின்னு லீவு போட்டு மாசாமாசம் வேலூர் போறது மனநல டாக்டர்கிட்டதான். லெட்டரைப் படிச்சப்புறம் பக்கத்து மெஷின் ஃபிர்தௌஸ்கிட்ட சொல்லிட்டேன். அவ எப்பவும்போல என் டிபன்ல கைய வெச்சு சாப்ட்டா. எழுதினவங்க பாவம், பேர் போடவே பயந்துட்டாங்க. என் பேரே இருந்துட்டுப் போவட்டும் சார்.”

கேன்டீன் சௌந்தரம் வந்து, அருணகிரிக்கென்று தனியாகப் போடும் சர்க்கரை இல்லாத டீயை மேஜையில் வைத்தாள்.

அவர் டம்ளரைத் திருப்பி நீட்டினார். செக்ஷன் முழுக்கக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்:

“சர்க்கரை போட்டு எடுத்துட்டு வாம்மா. எனக்கு சுகரே கிடையாது. அந்த லெட்டர் நான் எழுதினது.”