ஒரு குத்துக்கு ஏழு வருஷம்

"சார், அந்தச் செத்துப்போன பையனோட அம்மா மறுபடியும் வந்திருக்காங்க" என்று உதவியாளர் தலையை மட்டும் உள்ளே நீட்டிச் சொன்னார்.

சட்டக் குழுத் தலைவருக்குச் சங்கடமாகப் போய்விட்டது. சட்டமன்றக் கூட்டத்தொடர் இன்று மாலையோடு முடிகிறது. அந்த அம்மாள் கேட்கும் சட்டத் திருத்தம் விவாதத்துக்குப் போக வேண்டுமானால், அதற்குள் அவர் கையெழுத்துப் போட்டாக வேண்டும். இல்லையென்றால் கிணற்றில் போட்ட கல்தான்.

"வரச் சொல்லு. அஞ்சு நிமிஷத்துல வந்து என்னைக் கூப்பிடு."

அம்மாள் வந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. தோள்பையின் வாரை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நின்றார். பேருந்து நிறுத்தம், ஆஸ்பத்திரி வாசல், சந்தை என்று ஓர் இடம் விடாமல் அலைந்து, ஆயிரக்கணக்கில் கையெழுத்து வாங்கியவர்.

"மனுவைப் படிச்சீங்களா சார்?"

"படிச்சேனே" என்றார் தலைவர் கூசாமல். முதல் பக்கத்தை அவர் தாண்டியதே இல்லை. "ஒரே குத்துல உயிர் போனாலும் குறைஞ்சது ஏழு வருஷம் உள்ள போடணும். அதானே?"

"ஆமா சார். இப்ப ஏதோ கை தவறிப் பாத்திரத்தை உடைச்சவன் மாதிரி விட்டுடறாங்க. ஒரு பைக் சாவிக்கு வந்த சண்டை. ஒரு குத்து விட்டான். பின்னால படிக்கட்டு. எம் பையன் எந்திரிக்கவே இல்ல."

தலைவரின் கால் மேசைக்கடியில் தானாக ஆடிக்கொண்டிருந்தது. அரசியலுக்கு வருமுன் அவர் வக்கீல். இப்படிக் கை நீட்டிவிட்டு வந்த பையன்கள் எத்தனையோ பேரை வெளியே கொண்டுவந்தவர். அந்தக் கையாலேயே இதில் கையெழுத்துப் போடுவதாவது!

"ஊர்ல தினமும் எத்தனை அடிதடி. எல்லாருக்கும் ஏழு வருஷம்னா ஜெயில்ல இடம் பத்தாதும்மா."

"ஏழு வருஷம்னு தெரிஞ்சா கையை மடக்கி வெச்சுக்குவாங்க சார்."

தலைவர் பேச்சை மாற்றினார். "உங்க கேஸ்ல அவனுக்கு என்ன கிடைச்சுது?"

"ஒன்பது மாசம். வெளிய வந்துட்டான்."

"மன்னிப்பாவது கேட்டானா?"

"தினமும் கேக்கறான் சார்."

தலைவர் நிமிர்ந்தார். "போன் பண்ணித் தொல்லை குடுக்கறானா? சொல்லுங்க, போலீசுக்குச் சொல்லி ஒரு வழி பண்ணிடறேன்."

"அதெல்லாம் வேணாம் சார்" என்று அம்மாள் பதறிப்போய் மறுத்தார். "நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும். கையை ஓங்கறப்பவே ஒரு பயம் வரணும். அடிச்சப்புறம் அழுது என்ன பிரயோஜனம்?"

உதவியாளர் எட்டிப் பார்த்தார். "சார், வண்டி நிக்குது."

விட்டால் போதும் என்று தலைவர் எழுந்தார். பேனாவை எடுத்துச் சட்டைப்பையில் செருகினார். கோர்ட்டில் பேசிய பழைய குரல் தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

"உங்க வேதனை எனக்குப் புரியுதும்மா. பெத்த வயிறு எரியத்தான் செய்யும். ஆனா சட்டம் போடறவன் ரெண்டு பக்கமும் பாக்கணும். அடிச்ச பையனையும் ஒருத்தி பெத்துதானே இருப்பா? அவனை ஏழு வருஷம் உள்ள வெச்சுட்டு அவளுக்குச் சோறு இறங்குமா? அவளைப் பத்தி என்னிக்காவது நினைச்சுப் பாத்திருக்கீங்களா?"

அம்மாள் முதல்முறையாக அவர் கண்ணை நேராகப் பார்த்தார்.

"அவனைப் பெத்தவளும் நான்தான் சார்."