கிருஷ்ணப்பன் வீட்டுக் குருவிகள்

“கெணறு வத்திப்போச்சாம்! அப்புறம் உள்ளே குருவிங்க காத்துலயா குளிக்குதுங்க?”

கிருஷ்ணப்பன் வீட்டு மதில் ஓரமாக நின்று பல்லைக் கடித்தாள் கிருபாராணி. ஆள் உயர மதில். அந்தப் பக்கம் தண்ணீரைச் சளசளவென்று அடித்துக்கொண்டு மைனாக்களும் கொண்டைக்குருவிகளும் ஒரே கும்மாளம்.

ஜூஜுவாடியில் அந்த வருஷம் சித்திரை பிறக்கும் முன்பே பொதுக்கிணறு சேறாகிவிட்டது. வீட்டுக்கு ஒரு குடம்தான். சொந்தக் கிணறு வைத்திருந்த கிருஷ்ணப்பனோ மாசியிலேயே கொல்லைக் கதவைப் பூட்டிவிட்டார். வீட்டுக்குள்ளும் யாரையும் விடுவதில்லை.

கிருபாராணிக்கு இருப்புக்கொள்ளவில்லை. மகளுக்கு அம்மை போட்டு மூன்றாம் நாள்; தலைக்கு ஊற்றத் தண்ணீர் இல்லை. காலையிலிருந்து வீட்டுக்கும் தெருவுக்குமாக நடந்தபடி இருக்கிறாள்.

“விடுக்கா, கல்நெஞ்சுக்காரரு. கேட்டா எரிஞ்சு விழுவாரு” என்றாள் பக்கத்து வீட்டுக் காவேரி.

“குருவிக்கு இருக்கற தண்ணி என் புள்ளைக்கு இல்லையா? இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்!”

காலிக் குடத்தோடு சந்து வழியாகப் பின்பக்கம் போனாள். கொல்லைக் கதவு திறந்திருந்தது. கிருஷ்ணப்பன் வியர்வை சொட்டச் சொட்ட சைக்கிளை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். கேரியரில் இரண்டு குடம் கட்டியிருந்தது. பின்னாலேயே நுழைந்துவிட்டாள்.

“ஏன் பெரியப்பா, உங்களுக்கே இது...”

கிணற்றை எட்டிப் பார்த்தாள். கிணற்றின் அடியில் மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. வரிசையாக ஐந்து மாதுளைச் செடிகள், ஒரு இலை இல்லாமல் சுள்ளியாக நின்றன. நடுவில் ஒரு மண் தொட்டி. அதைச் சுற்றித்தான் அத்தனை குருவிகளும்.

“யாரது, கிருபாவா?” உள்ளே படுக்கையிலிருந்து அவர் மனைவி பூவம்மாளின் குரல். இடுப்பு ஒடிந்து அவள் படுத்து ஒரு வருஷமாகிறது.

கிருஷ்ணப்பன் பதறிப்போய்க் கை கூப்பினார். குரல் கிசுகிசுத்தது.

“செடி பட்டுப்போனது அவளுக்குத் தெரியாதும்மா. எல்லாம் அவ கையால வச்சது. யாராச்சும் வாய் தவறிச் சொல்லிடுவாங்கன்னுதான் கதவைப் பூட்டினேன். குருவிச் சத்தம் கேக்குதே, தோட்டம் நல்லா இருக்குதுன்னு நெனச்சுக்கறா. அதைக் கேட்டாத்தான் ரெண்டு வாய் கஞ்சி எறங்குது. தெனம் அத்திப்பள்ளிக்குப் போய்த் தண்ணி கொண்டாறேன்.”

சொல்லிக்கொண்டே ஒரு குடத்தை அவிழ்த்து அவள் குடத்தில் கவிழ்த்தார்.

“புள்ளைக்கு எடுத்துட்டுப் போ. சொல்லிடாதம்மா.”

“என்னடி, பேச்சையே காணோம்?” உள்ளேயிருந்து மறுபடியும் பூவம்மாள். “என் மாதுளை எப்படி இருக்குது? பாத்துச் சொல்லு!”

கிருபாராணி ஒரு நிமிஷம் அந்தச் சுள்ளிகளைப் பார்த்தாள். குளித்த குருவிகள் அவற்றின்மேல் நெருக்கியடித்து உட்கார்ந்து இறகு உலர்த்திக்கொண்டிருந்தன.

“எங்கே பெரியம்மா பாக்கறது?” என்றாள். “செடி பூரா குருவிங்க. ஒரு இலைகூட கண்ணுக்குத் தெரியலை!”