சிவப்புப் பொத்தான்

"மாமி, அந்தப் பச்சைச் சாமான ஒண்ணு தாருங்க. பிள்ளை வேர்த்துக் குளிக்கான்."

முன்சீட்டில் இருந்த மாமியார் செசிலி திரும்பவில்லை. ஜெபமாலையை உருட்டிக்கொண்டே, "ஜான்ரோஸ் வரட்டும்" என்றாள்.

வடசேரி சந்தை ஓரத்தில் நின்ற காருக்குள் சித்திரை வெயில் காந்தியது. பின்சீட்டில் டெல்சி மகனை ஒட்டி ஒடுங்கி இருந்தாள். இரண்டு வயது அஜின், துபாயிலிருந்து வந்த குழந்தை நாற்காலியில் தோளிலும் இடுப்பிலும் வார் பூட்டிக் கிடந்து காலை உதைத்து அழுதான்.

வாரை விடுவிக்க ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. நல்ல கட்டை விரலுக்கே அது சண்டித்தனம் செய்யும். டெல்சியின் வலது கட்டை விரல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஒடிந்து, கோணலாகக் கூடியிருந்தது. குளிக்கிற இடத்தில் வழுக்கி விழுந்ததாக ஆஸ்பத்திரியில் சொன்னது புருஷன் ஜான்ரோஸ்தான்.

நாற்காலியோடு ஒரு பச்சை பிளாஸ்டிக் சாமானும் வந்திருந்தது. துணி காயப்போடும் கிளிப்பைவிடக் கொஞ்சம் பெரியது. பொத்தானில் மாட்டி லேசாக அழுத்தினால் போதும், வார் கழன்றுவிடும். அவளுக்கு விரல் ஒடிந்த பிறகு, ஜான்ரோஸ் அதை அம்மாவின் சாவிக்கொத்தில் கோத்துக் கொடுத்துவிட்டான். "வேணும்னா அம்மைட்ட கேளு" என்றான்.

அவளை யாரும் கட்டிப்போடவில்லை. பிள்ளையைக் கட்டிப்போட்டால் போதும் என்று அவனுக்குத் தெரியும்.

இரண்டு தடவை பிறந்த வீட்டுக்கு, கடியப்பட்டணத்துக்கு ஓடியிருக்கிறாள். இரண்டு தடவையும் அண்ணன்மார் புத்தி சொல்லி, அதே காரில் ஏற்றி அனுப்பினார்கள். அதனால் இந்தத் தடவை தூத்துக்குடி. அங்கே அக்கா லீமா இருக்கிறாள். பேருந்து நிலையம் கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. பிள்ளையின் பையில், பால்குப்பிக்கு அடியில் மாற்றுத்துணி இருந்தது.

சந்தையில் யாரையாவது பிடித்து ஒரு அமுக்கு அமுக்கித் தரச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாள். கார் புறப்படுகிற நேரத்தில், "நானும் வாறேன்" என்று மாமி வந்து முன்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

எதிர்க்கடையில் சேனைக்கிழங்கு புரட்டிக்கொண்டிருந்த ஜான்ரோஸ், இரண்டு புரட்டுக்கு ஒரு தடவை காரைத் திரும்பிப் பார்த்தான்.

கார் ஓரத்தில் நொங்கு வெட்டிக்கொண்டிருந்த சத்தியபாய், பாதி இறங்கிய கண்ணாடி வழியாகத் தலையை நீட்டினாள். "என்னத்துக்கு மக்ளே பிள்ளைய இப்பிடிக் கெட்டிப் போட்டிருக்கு? என்ன களவாண்டான்?"

"அடிபடாம இருக்கதுக்குத்தான் அக்கா."

"நல்ல கூத்து. எங்க பிள்ளையளு பஸ் கம்பியில தொங்கியே வளந்துட்டு."

டெல்சி குரலைத் தாழ்த்தினாள். "அந்தச் செவப்புல ஒண்ணு அமுக்கித் தருவியளா? எனக்கு விரலு முடியாது."

சத்தியபாய் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். "இதுக்கா இவ்வளவு பாடு? அமுங்கலன்னா அரிவாளால ஒரு இழுப்பு இழுத்துருவோம்."

"கைய எடு." செசிலியின் குரல் உரத்து வந்தது. "பிள்ளையத் தொடாண்டாம். கதவ அடை."

"ஒங்க பேரன நான் வெட்டித் தட்டுலயா வைக்கப் போறேன்?" சத்தியபாய் கதவை அறைந்து சாத்திவிட்டு நொங்குக் குவியலுக்குத் திரும்பினாள்.

கதவுச் சத்தம் கேட்டு ஜான்ரோஸ் வந்துவிட்டான். குனிந்து டெல்சியைப் பார்த்தான். கேள்வியை அம்மாவிடம் கேட்டான். "அவ எதுக்குக் கதவத் தொறந்தா?"

செசிலி ஜெபமாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நொங்கு வேணுமான்னு கேட்டா. வேண்டாம்னு வெரட்டீட்டேன்."

டெல்சி பிள்ளையின் பையை முதுகுக்குப் பின்னால் தள்ளினாள். நடுச்சந்தையில் வேண்டாம், வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று மாமி நினைக்கிறாள். போன தடவையும் வீடு போய்ச் சேருகிற வரைக்கும் எல்லோரும் அமைதியாகத்தான் இருந்தார்கள்.

"மண்டிக்குள்ள போயி ஒரு வாழைக்குலை பாத்துட்டு வாறேன். நீ இவளப் பாத்துக்க." ஜான்ரோஸ் கார்க் கூரையில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனான்.

டெல்சி இடது கை விரல்களைக் கூட்டிப் பொத்தானில் வைத்து, உடம்பின் பாரத்தையெல்லாம் இறக்கினாள். நகம் மடங்கியது. பொத்தான் அசையவில்லை. அஜின் அழுகையை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்தான்.

மண்டி வாசலில் ஜான்ரோஸின் வெள்ளைச் சட்டை மறைந்தது. ஜெபமாலை நின்றது. செசிலி இரண்டு சீட்டுக்கும் நடுவே உடம்பைத் திருகிப் பின்னால் எட்டினாள். சாவிகள் குலுங்கின. 'டக்'கென்று ஒரு சத்தம். வார் இரண்டு பக்கமும் விலக, பிள்ளை பாய்ந்து டெல்சியின் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

"மாமி..."

"அவன் கண்ணு இங்கயே இருந்துது, போவட்டும்னு இருந்தேன். அதுக்குள்ள அந்த நொங்குக்காரியக் கூப்பிட்டுட்டே நீ." செசிலி மூச்சிரைத்தாள். "நீ அக்காட்ட போன்ல பேசினது எனக்குக் கேட்டுது. வெரசலா எறங்கு, தூத்துக்குடி வண்டி நிக்குது."

டெல்சி பையை எடுத்து, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள். நாலு எட்டு வைத்தவள் திரும்பி வந்து, முன்பக்கக் கண்ணாடி அருகே குனிந்தாள். "அவரு வந்து கேட்டா நீங்க என்ன சொல்லுவிய? ஒங்கள சும்மா விடுவாரா?"

முன்கதவு திறந்தது. செசிலி ஒரு காலைத் தரையில் ஊன்றிவிட்டாள்.

"எனக்கும் சேத்து டிக்கெட் எடு."