சாகாத புழுக்கள்

2044 மார்ச்சில், பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில், இளங்கலை மாணவர்களின் ஆய்வு முடிவுகளை ஆய்வுக்கு முன்பே கணினி சொல்லிவிடும் நடைமுறை ஒன்பதாம் ஆண்டில் இருந்தது.

கணிப்போடு ஒத்துப்போகாத முடிவு மாணவரின் பிழையாகக் கொள்ளப்படும், அரியர் விழும். அதனால் யாரும் ஆய்வைச் செய்வதில்லை. கணிப்பைப் பார்த்து எழுதிக்கொண்டு வருவார்கள். உயிரியல் பேராசிரியர் ஹெலன் சுகிர்தாவும் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிடுவார். படிக்க அதில் ஒன்றும் இருக்காது.

அன்று இறுதியாண்டு மாணவி இசக்கி ஒரு தட்டைக் கொண்டுவந்து அவர் மேசையில் வைத்தாள். மருந்து கலந்த தண்ணீரில் கொசுப்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன.

"எல்லாம் செத்துரும்னு கணிப்பு சொல்லுது மேடம். திரும்பத் திரும்பச் செஞ்சு பாத்துட்டேன். சாக மாட்டேங்கு."

"நீ நிஜமாவே செஞ்சியா?"

"கூறுகெட்டுப் போய்ச் செஞ்சுட்டேன்."

ஹெலன் எழுந்து தட்டின் மேல் குனிந்தார். ஊரெல்லாம் தெளிக்கிற மருந்து அது.

"இத அப்படியே எழுதி அனுப்புவோம் இசக்கி. நான் கூட நிக்கேன்."

"நீங்க நிப்பீங்க மேடம். அரியர் எனக்குல்லா விழும். ஜூன்ல கோயம்புத்தூர்ல வேலைக்குச் சேரணும். செத்துட்டுன்னே போட்டுருங்க."

உயிரோடு நெளிவதைப் பார்த்துக்கொண்டே அப்படி எழுத ஹெலனுக்குக் கை வரவில்லை. பிறகு தேநீருக்காகக் கொதிக்க வைத்திருந்த தண்ணீரை எடுத்துவந்து தட்டில் ஊற்றினார். நெளிவு நின்றது.

'எல்லாப் புழுக்களும் இறந்தன' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.

ஜூனில் இசக்கி வேலைக்குச் சேர்ந்தாள்.