லெஸ்டர் வண்டியில் ஒரு நாற்றம்

லெஸ்டரின் வண்டியிலிருந்து நாற்றம் வர ஆரம்பித்து நாலு நாளாகிவிட்டது. அவன் மனைவி மாவிஸ் யார் கண்ணிலும் படாமல் போயும் அதே நாலு நாள்தான்.

அரிசோனா பாலைவனத்து முகாம் அது. வடக்கே பனி கொட்ட ஆரம்பித்ததும், ஓய்வுபெற்ற கிழவர்களும் கிழவிகளும் காருக்குப் பின்னால் வீட்டு வண்டியை மாட்டி இழுத்துக்கொண்டு வந்து சேருவார்கள். பொழுது போக அவர்களுக்கு இருப்பது சீட்டாட்டமும் வண்டிக்கு அடியில் இருக்கும் கழிவுத் தொட்டியும்தான். ஒரு வண்டியில் லேசாக நாறினால் போதும், பத்துப் பேர் டார்ச் லைட்டோடு வந்து குனிந்துவிடுவார்கள்.

லெஸ்டரோ யாரையும் கிட்டே சேர்க்கவில்லை. வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

"டாய்லெட்டுக்கு அடியில ரப்பர் வளையம் தேஞ்சிருக்கும்ப்பா. ரெண்டே நிமிஷம், பாத்துடறேன்" என்று கெஞ்சிப் பார்த்தார் பக்கத்து வண்டி ஆர்வில். அவர் கையில் ஸ்பேனர் தயாராக இருந்தது.

"வேணாம்னா விடுங்களேன்!" என்று எரிந்து விழுந்தான் லெஸ்டர்.

ஆர்வில் நேராக முகாம் பொறுப்பாளர் வெர்னாவிடம் வந்தார். "கழிவுத் தொட்டிக்கு யோசனை கேக்காத ஆம்பளைய இந்த வயசுலதான் பாக்கறேன் வெர்னா. ஏதோ வில்லங்கம் இருக்கு."

வெர்னாவுக்கும் லெஸ்டர்மேல் சந்தேகம் தட்டியது. மாவிஸ் எங்கே என்று அவள் கேட்டபோது, "தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கா" என்றிருந்தான். ஆர்வில் கேட்டதற்கோ, "தலைவலி, தூங்கறா" என்றிருந்தான்.

பாவம், மாவிஸ்! வந்த அன்றே வெர்னாவின் வண்டிக்குக் காபி குடிக்க வந்து, பத்து வருடப் பழக்கம் போல ஒட்டிக்கொண்டவள். வெர்னா பெற்ற பிள்ளைகள்கூட ஒரு தடவை பார்க்கக் கேட்டதில்லை, அவள் அம்மா விட்டுப்போன முத்துமாலையை. மாவிஸ் கேட்டாள். வெர்னா பூரித்துப்போய், ஓட்ஸ் டப்பாவுக்குள் கையை விட்டு அதை எடுத்து அவள் கழுத்திலேயே போட்டு அழகு பார்த்தாள்.

"இதையா ஓட்ஸுக்குள்ள வெச்சிருக்கீங்க?"

"உன்னைத் தவிர வேற யாருக்கும் தெரியாதுடி."

அந்தக் கழுத்தை எந்தப் பாவி நெரித்தானோ என்று நினைத்ததுமே வெர்னாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. போலீஸுக்குப் போன் போட்டுவிட்டாள்.

மத்தியானம் போலீஸ்காரர் வந்தபோது முகாமே அங்கே திரண்டு நின்றது. சீட்டை அப்படியே போட்டுவிட்டு, கதவைக்கூடச் சாத்தாமல் ஓடிவந்திருந்தார்கள். முட்டிவலிக்காரர்கள்தான் முன்வரிசையில் நின்றார்கள்.

லெஸ்டர் சாவியைத் தேடினான். சட்டைப்பை, பேன்ட் பை, காருக்குள், காருக்கு அடியில் என்று தேடித் தேடி, ஒரு வழியாகத் தொப்பிக்குள்ளிருந்து எடுத்தான்.

உள்ளே போன போலீஸ்காரர் வெகுநேரம் கழித்து மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார்.

"பொணமும் இல்ல, ஒண்ணும் இல்ல. சிங்க்குக்கு அடியில வளைவுக் குழாய் கழண்டு கெடக்கு. தொட்டி நாத்தம் மொத்தமும் அது வழியா ஏறுது, கூரை ஃபேன் அதை வெளிய தள்ளுது."

"அப்படியா? நான் கவனிக்கவே இல்லயே" என்றான் லெஸ்டர்.

"அப்ப மாவிஸ் எங்கே?" என்று கத்தினாள் வெர்னா.

"சண்டை போட்டுட்டுப் போயிட்டாம்மா. அதை ஊரெல்லாம் தமுக்கடிக்கணுமா? நீங்களே பேசுங்க." லெஸ்டர் போனைப் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பிடித்தான்.

மாவிஸின் குரல் மூச்சு வாங்கியது. "உயிரோடதான் இருக்கேன் வெர்னா! கையில கொஞ்சம் வேலை, அப்புறம் பேசட்டுமா?"

வெர்னாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முகாமே வெட்கித் தலைகுனிந்தது. ஆர்வில் ஆசை தீரக் குழாயை மாட்டினார். அதற்கு ஒரு மணி நேரம் பிடித்தது. ஒருவரும் நகரவில்லை, ஆளுக்கு ஒரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். முகாமின் பொதுக்கூடத்தில் விருந்துக்காகச் செய்துவைத்திருந்த ஆப்பிள் கேக்கை அங்கிருந்து எடுத்துவந்து லெஸ்டர் கையில் கொடுத்து, வெர்னா மன்னிப்புக் கேட்டாள்.

"பரவாயில்லம்மா. ஆனா இனிமே இங்க இருக்க மனசில்ல" என்று வண்டியைக் காரில் மாட்டிக்கொண்டு கிளம்பிப் போனான். எல்லோரும் கையசைத்து வழியனுப்பினார்கள்.

வெர்னா தன் வண்டிக்குத் திரும்பும்போதே, "ஐயோ, என் கைக்கடிகாரம்!" என்று ஆர்வில் அலறுவது கேட்டது. அதற்கடுத்த வண்டியிலிருந்து இன்னொரு அலறல்.

வெர்னா உள்ளே ஓடினாள். அவள் வண்டியில் எதுவும் கலையவில்லை. மேஜைமேல் ஓட்ஸ் மட்டும் கொட்டிக் கிடந்தது, பக்கத்தில் காலி டப்பா.

மாவிஸுக்குக் கையில் அப்படி என்ன வேலை என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.