விளிம்பு வரை

"காலையில என் மருமக தேநீரை எப்படி ஊத்தினா தெரியுமா கமார்? விளிம்பு வரைக்கும்! தூக்கினா கையில சிந்துது!"

சொல்லிக்கொண்டே உம்சின் கம்பளிச் சட்டையைப் பெட்டிக்குள் திணித்தாள். கை நடுங்கியதில் பெட்டியின் பூட்டு இரண்டு தரம் நழுவியது. பக்கத்து வீட்டுக் கமார் எழுந்து வந்து பெட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"கை தவறியிருக்கும் அக்கா. சின்னப் பொண்ணு."

"தவறுமா? ஆறு மாசமா இந்த வீட்டுல தினம் இருபது கிண்ணம் குடிக்கிறேன். ஒரு தடவையாவது பாதிக்கு மேல ஊத்தியிருப்பாளா? அரைக் கிண்ணம், சுடச்சுட. காலியானா உடனே அடுத்தது. அக்மாரல் மாதிரி மருமக யாருக்குக் கெடைப்பான்னு தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேனே, என் வாயைச் சொல்லணும்!"

இந்தக் கிசிலோர்தா ஊரில் பிறந்த எந்தப் பெண்ணும் அதைத் தெரியாமல் செய்ய மாட்டாள். தேநீரைப் பாதி ஊற்றிக் கொடுத்தால், இன்னும் இருங்கள் என்று அர்த்தம். நிறைத்துக் கொடுத்தால், குடித்துவிட்டுக் கிளம்புங்கள் என்று அர்த்தம்.

"யெர்போல் ஒண்ணும் கேக்கலையா?"

"நான் பெத்த பிள்ளைதானே? தட்டுல இருந்த ரொட்டியையே மொறைச்சுப் பாத்துட்டு உக்காந்திருந்தான். அப்புறம் வேலைக்கு நேரமாச்சுன்னு ஓடிட்டான். இவ என்னடான்னா, நான் குடிச்சு முடிக்கிறதுக்குள்ள வெந்நீர் கொதிக்கிற சமோவரைத் தூக்கிட்டு உள்ள போயிட்டா. அதுக்கப்புறம் இந்த நேரம் வரைக்கும் ஒரு சொட்டு கெடையாது!"

எல்லாம் நேற்று ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததிலிருந்துதான். கசாலி ரயில் நிலையத்தில் முப்பது வருஷம் டிக்கெட் கொடுத்தவள் உம்சின். ஒரு நாள் படுத்ததில்லை. இப்போது ஒரு மாசமாக நெஞ்சு தடதடவென்று அடிக்கிறது. தூக்கம் கண்ணை எட்டிப் பார்ப்பதே இல்லை. டாக்டர் அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு, மகனையும் மருமகளையும் மட்டும் உள்ளே அழைத்துப் பேசினார். வெளியே வந்த இரண்டு பேரும் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"சீக்காளி ஆயிட்டேன் கமார். யாருக்குத்தான் பாரமா இருக்காது?" உம்சினின் குரல் உடைந்தது. "பரவாயில்லை. கசாலியில என் வீடு பூட்டித்தான் கெடக்கு."

"இந்த நெஞ்சை வெச்சுக்கிட்டுத் தனியாவா? நடுவுல ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?"

"ஆகட்டுமே. போன்னு சொன்ன வீட்டுல இருக்கிறதுக்கு அது மேல்."

வாசல் கதவு திறந்தது. அக்மாரல் மூச்சிரைக்க உள்ளே வந்தாள். கையில் மருந்துக்கடைப் பொட்டலம்.

"அத்தே, தலை வலிக்குதா?"

உம்சின் திடுக்கிட்டாள். மதியத்திலிருந்து மண்டை பிளந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை, கமாரிடம்கூட.

"என் தலையைப் பத்தி உனக்கென்ன கவலை? நாலு மணி ரயிலுக்குக் கெளம்பிட்டேன். நிம்மதியா இரு."

அப்போதுதான் அக்மாரல் பெட்டியைப் பார்த்தாள். முகம் வெளுத்துப்போயிற்று.

"எங்க அத்தே போறீங்க? ஏன்?"

"நடிக்காதே. நீதானே போகச் சொன்னே."

"நானா? உங்களையா?"

"வாயால சொல்லலை. கிண்ணத்தை நெறைச்சு நீட்டினியே, அதுக்கு வேற என்ன அர்த்தம்? நீயே சொல்லு, கமாரும் கேக்கட்டும்."

அக்மாரல் அப்படியே பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"அவர் இன்னும் உங்ககிட்ட சொல்லவே இல்லையா? நானே பக்குவமா எடுத்துச் சொல்றேன், நீ வாயைத் திறக்காதேன்னாரே! இந்தப் படபடப்பு, நடுக்கம், தூக்கமில்லாதது, எல்லாத்துக்கும் காரணம் தேநீர்தானாம் அத்தே. குறைச்சா ரெண்டு நாள் தலை வலிக்கும், மாத்திரை வாங்கி வெச்சுக்கங்கன்னார் டாக்டர்."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"இனிமே உங்களுக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு கிண்ணம்தானாம். அந்த ஒண்ணையும் பாதியா ஊத்த எனக்கு மனசு வரலை அத்தே."